ஒன்றை அழுத்தவும்

உட்காருங்க, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. சின்னவர் பத்தரைக்கு இன்டர்வியூ என்று சொன்னாரா? சொல்லுவார். பதினொன்றரைக்கு வருவார், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு வருவார். அதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை பார்க்கப்போவது நீங்க, சொல்லிக்கொடுக்கப்போவது நான். அவருக்கு இதில் என்ன தெரியும்?

ஒரு நிமிஷம்.

"வணக்கம், மாரக்கா போர்வெல்ஸ். சொல்லுங்கண்ணா. பாயிண்ட் எந்த ஊருங்க? சரிங்க. லைன்லயே இருங்க, மாத்தி விடறேன்."

பார்த்தீங்களா, இவ்வளவுதான். யார் கூப்பிட்டாலும் எடுப்பது, பாயிண்ட், அதாவது போர் போடவேண்டிய இடம், எந்த ஊர் என்று கேட்பது, மாற்றிவிடுவது. பச்சைக் குழந்தைகூடச் செய்துவிடும்.

தமயந்திங்களா பேர்? ஓமலூரா? அப்படியானால் இங்கே யாருக்கும் நீங்க ஒரம்பரை கிடையாது, சொந்தம் கிடையாது. நல்லதாகப் போயிற்று. அது ஏன் நல்லது என்று பின்னால் சொல்கிறேன். என் பேர் மோகனப்பிரியா, எல்லோருக்கும் மோகனா. கோயமுத்தூரில் கால் சென்டரில் இரண்டு வருஷம் இருந்தீங்களா! அடேங்கப்பா. நான் எங்கள் ஊர் கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்ததோடு சரி. கம்ப்யூட்டரை முதல் முதலாகத் தொட்டது இந்த மேஜையில்தான்.

நீங்க சரியென்று உட்கார்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் ஓசூர் போய்விடுவேன். வீட்டுக்காரருக்கு அங்கே கம்பெனியில் வேலை நிரந்தரமாகி எட்டு மாசம் ஆகிறது. வீடு பிடித்தாயிற்று. பாப்பாவை ஜூன் மாசமே அங்கே எல்.கே.ஜி.யில் சேர்த்தாயிற்று. கவிநயா என்று பேர். மாமியார் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். நான் ஒருத்திதான் இங்கே பாக்கி. இப்போது என்னவென்றால், மாமியாருக்கு அடுத்த வாரம் கண் ஆபரேஷன், ஊருக்கு வந்துவிடுவார். அப்புறம் பாப்பாவைப் பார்க்க ஆள் இல்லை. "ஞாயித்துக்கிழமை டெம்போ எடுத்துட்டு வர்றேன். சாமானும் ஏறோணும், நீயும் ஏறோணும். நீ ஏறலீன்னா சாமானை மட்டும் ஏத்திட்டுப் போறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொன்னால்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

இன்றைக்கு வியாழன். அதனால்தான் சொல்கிறேன், நீங்க தங்கமான நேரத்தில் வந்திருக்கீங்க.

மாரக்கா என்பது இவர்களுடைய அம்மா. அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆயிற்று. மூன்று மகன்கள். பெரியவர் அர்த்தனாரி, மாடியில் இருக்கிறார். நடுவுளவர் செங்கோட்டுவேல், பின்னால் பட்டறையில் வண்டிகளோடு இருப்பார். சின்னவர் குமரேசன், எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. போர் போடுகிற ரிக் வண்டி ஆளுக்கு மூன்று. பேர் மட்டும் ஒன்று, வண்டி தனித்தனி, வேலை தனித்தனி. இந்தத் திருச்செங்கோட்டில் எந்தப் பக்கம் கல்லைப் போட்டாலும் போர்வெல் வண்டி வைத்திருக்கிறவர் மேல்தான் விழும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வண்டி ராய்ச்சூரில் நிற்கும், அனந்தப்பூரில் நிற்கும், சத்தீஸ்கரில் நிற்கும். எந்த ஊரிலோ ஒருத்தர் நிலத்தில் தண்ணீர் வற்றிப்போனால் இந்த மேஜையில் மணி அடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே ஒரு தரைவழி ஃபோன் இருந்தது. தெருவில் யார் குழி தோண்டினாலும் அது செத்துவிடும். குழி தோண்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற கம்பெனிக்கு அடுத்தவர் தோண்டின குழியில் ஃபோன் போய்விடும்! அது போக, டிராயரில் ஆறு செல்ஃபோன். ஒன்று அடித்தால் எது அடிக்கிறது என்று ஆறையும் எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கவேண்டும். ஈரோட்டிலிருந்து ஒருத்தர் வந்தார், சுவரில் பெட்டி மாட்டி, அறைக்கு அறை ஒயர் இழுத்து, எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தருகிறேன் என்று ஒரு விலை சொன்னார். பெரியவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங், இந்தக் காசுக்கு ஒரு பழைய கம்ப்ரசர் வாங்கலாமே, அது தண்ணியாவது காட்டுமே" என்றார். வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

அப்போது பாப்பாவுக்கு எட்டு மாசம். மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே செல்ஃபோனில் வீடியோ பார்ப்பேன். அதில்தான் கண்டுபிடித்தேன், இன்டர்நெட் வழியாகவே ஆபீஸ் ஃபோன் வைக்கலாம் என்று. பெட்டி வேண்டாம், ஒயர் வேண்டாம். ஒரே எண். அவரவர் கையில் இருக்கிற செல்ஃபோனில் ஓர் ஆப் போட்டால் போதும், அதுதான் அவருடைய மேஜை ஃபோன். எனக்கு இந்தக் கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும். மாசச் செலவு, முன்னால் அந்த ஆறு செல்ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்ணினதில் பாதிகூட வராது. நான் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. நாலே நாள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நானே போட்டேன். பழைய தரைவழி எண்ணுக்கு வருவதையும் இதற்கே திருப்பிவிட்டேன். பெயிண்டரை வரவழைத்து ஒன்பது வண்டியிலும் புது எண் எழுதியாயிற்று. என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார், "எங்க ஊட்ல டவர் இருக்குது" என்று.

இருங்க. "வணக்கம், மாரக்கா போர்வெல்ஸ். ஹாங் ஜி. கித்னா ஃபுட்? பானி நஹி? அச்சா, ருக்கியே." எத்தனை அடி, தண்ணீர் இல்லையா, இருங்க. ஹிந்தி இவ்வளவுதான் எனக்கு. இது போதும். தண்ணீர் இல்லை என்பதை எந்த மொழியில் சொன்னாலும் குரலிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் வரவேற்புக் குரல். கூப்பிட்டதும் கேட்குமே, அது என் குரல்தான். பட்டறைச் சத்தம் விழக்கூடாது என்று நடுவுளவர் வண்டி ஒன்றில் ஏறி, கேபின் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தேன். பதினாலாவது தடவைதான் இருமாமல் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "வணக்கம். மாரக்கா போர்வெல்ஸ் உங்களை அன்புடன் வரவேற்கிறது. பெரியவருக்கு ஒன்று. நடுவுளவருக்கு இரண்டு. சின்னவருக்கு மூன்று."

சிரிக்கிறீங்க. உங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லையே! வயது வரிசையில் மரியாதையாகச் சொல்கிறோம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ராய்ச்சூரில் நம் டிரைவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "பெரியவருக்கு ஒண்ணுக்கு வந்தா ஒண்ணை அமுக்கு, நடுவுளவருக்கு ரெண்டுக்கு வந்தா ரெண்டை அமுக்கு." ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு, அங்கேயிருந்து டீசல் பங்க்குக்கு, டீக்கடைக்கு, ஒரே வாரத்தில் ஊர் பூராவும். நடுவுளவர் ஒரு கிடா விருந்துக்குப் போயிருக்கிறார். இலையில் உட்காருகிற நேரத்தில் பங்காளி ஒருத்தர், "ஏப்பா செங்கோடா, ரெண்டு வந்துருச்சா?" என்று கேட்டிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. மனுஷன் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

நேராக இங்கே வந்தார். "மோகனா, எனக்கு ரெண்டு வேண்டாம்."

"சரிங்க, வேற போட்டறலாம்" என்றேன். ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லமுடியுமா? பெரியவர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "மூத்தவன் நானு. எனக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதான். எனக்கு வந்தா போகுது, உனக்கென்ன" என்கிறார்.

"அப்ப உங்களுக்கு நாலு வெச்சுக்கலாங்களா?" என்று நடுவுளவரைக் கேட்டேன்.

"சின்னவனுக்குக் கீழ நானா?"

"சைபர்?"

"என்னைப் பாத்தா சைபராட்டம் தெரியுதா உனக்கு?"

அன்றைக்கு அவர் என்ன சொல்லிவிட்டார் தெரியுமா? "என்ற மூணு வண்டிக்கும் வேற பேரு எழுதிக்கறேன். அம்மா பேரை நீங்களே வெச்சுக்குங்க." முப்பது வருஷமாக ஒரே பேரில் ஓடின கம்பெனி. நான் போட்ட ஃபோனால் உடையப்போகிறது. டிரைவர், ஹெல்பர் என்று எண்பது குடும்பம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாவைக் குளிக்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் சட்டென்று தோன்றியது. ஏன் மூன்று பொத்தான்? எல்லாவற்றுக்கும் ஒன்று! "எங்களுடன் பேச ஒன்றை அழுத்தவும்." அழுத்தினால் என்னிடம் வரும். யாருக்குப் போகவேண்டுமோ நான் மாற்றிவிடுகிறேன். யாரும் முன்னால் இல்லை, யாரும் பின்னால் இல்லை.

பெரியவருக்குச் சந்தோஷம், ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. நடுவுளவருக்குச் சந்தோஷம், இரண்டு ஒழிந்தது. சின்னவருக்கு ரொம்பச் சந்தோஷம், அவர் ஃபோனே எடுக்கவேண்டாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வாரம் எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக்கொடுத்தார்கள்.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம். தெரிந்த ஆள் கூப்பிட்டால் அவருக்கு எந்த அண்ணனைத் தெரியுமோ அவருக்கு அனுப்பிவிடலாம். புது ஆள் கூப்பிட்டால்? யாருக்கு அனுப்புவது? அதற்கு முறை வைத்தேன். முதல் புது ஆள் பெரியவருக்கு, அடுத்தவர் நடுவுளவருக்கு, அடுத்தவர் சின்னவருக்கு. மறுபடி முதலிலிருந்து. இதோ இந்தத் தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் எழுதிக்கொள்வேன், பார்த்தீங்களா? பெ, ந, சி. பெ, ந, சி. சாயந்திரம் வீட்டு அம்மாக்கள் மூன்று பேரும் தனித்தனியாக வந்து பார்ப்பார்கள். "என்ன மோகனா, இன்னைக்கு சி ஒண்ணு கூட இருக்குது?" என்பார்கள். காட்டி விளக்கவேண்டும். என்மேல் நம்பிக்கை. நான் மூன்று பேருக்கும் சொந்தமில்லை, மூன்று பேருடைய சம்சாரங்களின் ஊரும் இல்லை. அதனால்தான் உங்களிடம் ஊரைக் கேட்டேன். போன தை மாசம் பெரியவர் சம்சாரத்தின் சித்தி மகள் வந்தாள் இந்த வேலைக்கு. நடுவுளவர் கதவுப்பக்கமே வரவிடவில்லை. அப்புறம் நடுவுளவர் மாமனார் ஊரிலிருந்து ஒரு பெண். அவளைப் பெரியவருக்கு ஆகவில்லை. மூன்றாவதாகப் பள்ளிபாளையத்திலிருந்து ஒருத்தர், யாருக்கும் சொந்தமில்லை, அருமையான ஆள். இப்படித்தான் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் விளக்கிச் சொன்னேன். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவருடைய பத்தாவது சர்டிபிகேட் இன்னும் இந்த டிராயரில்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்வார் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேலை நேரமா? ஒன்பதரையிலிருந்து ஆறு. ஆனால் அதிலும் ஒரு வசதி இருக்கிறது பாருங்க, ஆப் நம்முடைய செல்ஃபோனிலும் இருக்கும். ஆபீஸை விட்டுக் கிளம்பினாலும் கால் நம்மோடு வரும். பஸ்ஸில் எடுக்கலாம், சமைத்துக்கொண்டே எடுக்கலாம். லீவே போடவேண்டியதில்லை, அவ்வளவு வசதி. பாப்பாவுக்குக் காதுகுத்து வைத்தோம். பாப்பா என் தம்பி மடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆசாரி ஊசியை எடுக்கிறார், மாரக்கா போர்வெல்ஸ் அடிக்கிறது. கர்நாடகாவில் கொப்பள் என்கிற ஊரிலிருந்து ஒருத்தர், கிணற்றில் தண்ணீர் போய், மாட்டுக்குக்கூட இல்லை என்கிறார். எப்படி வைப்பது? வீடியோவில் பாருங்க, பாப்பா வாயைத் திறந்து அழுகிறாள், எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், பின்னால் நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கி 'இருங்க இருங்க' என்கிறேன். அதைப் போட்டுப் போட்டுச் சிரிப்போம். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அந்த வீடியோவைப் போடுவதில்லை.

ஒரே ஒரு குறை, என் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் லைன் கிடைப்பது கஷ்டம். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறேனே. அதனால் வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார், ஆபீஸ் எண்ணுக்கே கூப்பிட்டு ஒன்றை அழுத்திவிடுகிறார். வரிசையில் நின்றால் எப்படியும் நான் எடுத்துத்தானே ஆகவேண்டும்? கெட்டிக்காரர். ஒரு நாள் எனக்கு எண்ணைப் பார்க்க நேரமில்லை. "வணக்கம், பாயிண்ட் எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓசூருங்க" என்றார்.

"எத்தனை அடி போடோணும்ங்க?"

"தெரியலீங்க. எட்டு மாசமாப் போட்டுட்டே இருக்கறேன், இன்னும் ஈரமே காணோம்."

குரலே தெரியாமல் நடுவுளவருக்கு மாற்றிவிட்டேன்! அவர் முறைதான் அப்போது. நடுவுளவர் கால் மணி நேரம் என் வீட்டுக்காரரிடம் மண் எப்படி, பாறை எப்படி என்று கேட்டிருக்கிறார். இவரும் பதில் சொல்லியிருக்கிறார். இன்னும் நினைத்தால் சிரிப்பு அடங்காது எனக்கு.

பாப்பாவும் அப்படித்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் பாட்டி ஃபோனில் எண்ணைப் போட்டுக் கொடுப்பார், ஒன்றை அவளே அழுத்திவிடுவாள். அவளுக்கு எண் எல்லாம் தெரியாது, ஒன்று மட்டும் தெரியும். மிஸ் சொன்னார்களாம், மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்று எழுதவே ஒரு வாரம் ஆனது, கவிநயா முதல் நாளே எழுதினாள் என்று. இது என்ன என்று கேட்டதற்கு 'அம்மா' என்றாளாம். ஒன்று என்று சொல்லமாட்டேன் என்கிறாளாம். சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் போய்விடுகிறேன் இல்லையா, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

இவர்களும் நல்லவர்கள்தான், என்னைப் பிடித்துவைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இல்லை. சித்திரையில் மறுபடியும் நான் போகிறேன் என்று சொன்னபோது மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரே காரில்! அண்ணன் தம்பி ஒரே காரில் ஏறி எத்தனையோ வருஷம் ஆயிற்று என்று டிரைவரே சொன்னார். தட்டில் பழம், பூ, சேலை. பெரியவர் என் வீட்டுக்காரரிடம், "மாப்பிள்ளை, ஆடி வரைக்கும் மட்டும் எங்களுக்காக" என்றார். நடுவுளவரும் தலையாட்டினார், சின்னவரும் தலையாட்டினார். மூன்று பேரும் ஒரே வார்த்தை சொல்லி நான் கேட்டதேயில்லை, அதுவும் எனக்காக. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர்கள் போனபிறகு இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பக்கூட எங்க பக்கத்துல இத்தனை பேரு வரல" என்றார். பாராட்டிச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா தெரியவில்லை. ஆடியும் பிறந்துவிட்டது.

என்ன பார்க்கிறீங்க திரையில்? அது செட்டிங்ஸ். அதில் நான் அதிகமாகக் கை வைக்கமாட்டேன், ஓடுகிறதை ஏன் நோண்டுவது.

என்னது? முறைவைத்து அனுப்ப ஆள் வேண்டாமா? சிஸ்டமே அனுப்புமா?

எங்கே? ...ஆமாம். இதுவரைக்கும் கீழே இழுத்துப் பார்த்ததேயில்லை நான். 'வரிசை முறையில் பகிரவும்.' ஒருத்தருக்கு, அடுத்தவருக்கு, அடுத்தவருக்கு... ஏற்கெனவே பேசினவர் கூப்பிட்டால்? முன்னால் பேசின அண்ணனுக்கே போகுமா? அதற்கும் ஒரு டிக்கா? பெ, ந, சி எல்லாம் அதுவே எழுதிவைத்துக்கொள்ளுமா? கோயமுத்தூரில் நீங்க இதைத்தான் வைத்திருந்தீங்களா?

போட்டுக் காட்டுங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்திலேயே இருக்கிறேன். பத்து நிமிஷம் பார்ப்போம்.

போட்டாச்சா? அவ்வளவுதானா?

சரி, நான் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன். கொப்பளில் ஒருத்தர்... இல்லை, அது சொல்லிவிட்டேன். என்ன சொல்ல வந்தேன்?

அடிக்கவில்லையே. ஒயர் கழன்றிருக்கிறதா பாருங்க. விளக்கு எரிகிறதே. நெட் இருக்கிறதே.

உஷ். கேட்குதா? மாடியில் பெரியவர் ஃபோன். அடிக்கிறது, அடிக்கிறது... எடுத்துவிட்டார். "வணக்கமுங்க, ஆமாங்க, நானேதான் பேசறேன். பாயிண்ட் எந்தூருங்க?" பெரியவர் வாயால் வணக்கம் கேட்டு மூன்று வருஷம் இருக்கும். என்ன நிதானமாகப் பேசுகிறார் பாருங்க. என்னைவிட நிதானம்.

அது பட்டறையில். சேவல் கூவுகிற மாதிரி அடிக்கிறதே, அது நடுவுளவர் ஃபோன். அவரும் எடுத்துவிட்டார். அடுத்தது சின்னவர், அவர் எடுக்கமாட்டார், என் எண்ணைப் பார்த்தாலே எடுக்காத மனுஷன்... திரையில் பச்சை வருகிறதே, அப்படியென்றால்? பேசிக்கொண்டிருக்கிறாரா? சின்னவரா?

மூன்று பேரும் பேசுகிறார்கள்.

எவ்வளவு நேரம் ஆச்சு? ஆறு நிமிஷமா? ஃபேன் இப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. இந்த ஹெட்செட்டைக் கழற்றலாமா? சும்மா ஒரு நிமிஷம். காது வேர்த்திருக்கிறது பாருங்க.

ஒன்று கேட்கட்டுங்களா? இந்த டிக் புதிதாக வந்ததா, இல்லை நான் போட்ட அன்றைக்கே இருந்ததா?

இருந்ததா.

சும்மாதான் கேட்டேன்.

இல்லைங்க, இது சரிப்படாது. இப்போது நன்றாகத்தான் தெரியும். நாளைக்கே அந்தக் கொப்பள்காரர் கூப்பிட்டு அழுவார், அவருக்கு யார் ஆறுதல் சொல்வது? சின்னவருக்கு ஹிந்தி சுத்தமாக வராது. பெரியவருக்கு மத்தியானம் மாத்திரை போட்டால் தூக்கம் வரும். அதெல்லாம் டிக்குக்குத் தெரியுமா? சாயந்திரம் வீட்டு அம்மாக்கள் வந்து கேட்டால் காலண்டர் தாளைக் காட்டமுடியுமா? நான் போகத்தான் போகிறேன், அதில் மாற்றமே இல்லை. ஆனால் ஓர் ஆள் கையில் ஒப்படைத்துவிட்டல்லவா போகவேண்டும்? ஒரு டிக்கிடம் எப்படிங்க ஒப்படைப்பது? மூன்று வருஷமாக நான் பார்த்த வேலையை?

நீங்க நல்ல பெண்தான். தப்பாகச் சொல்லவில்லை. குரல் நன்றாக இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் சரி. ஆனால் வந்ததும் வராததுமாக மாற்றிப் பார்க்கிற ஆள் இவர்களுக்கு ஒத்துவராது. இவர்களை எனக்குத் தெரியும். சின்னவர் வந்தால் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்க வெயிலில் மறுபடி அலையவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன, இன்றைக்கு வியாழன், முழுசாக மூன்று நாள் இருக்கிறது. வேறு யாராவது வருவார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுங்க. எனக்கு அது எங்கே இருந்தது என்றே மறந்துவிட்டது. எடுத்தாச்சா? நிஜமாக எடுத்தாச்சா?

அப்பாடா. அடிக்குது பாருங்க.

நான் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க. கதவை நல்லாச் சாத்திட்டுப் போங்க. தெருச் சத்தம் லைன்ல கேட்கும்.